சாராளின் கையெழுத்து

சாராள் வாசற்படி ஏறியதும் கூடத்திலிருந்த எல்லோருடைய கண்ணும் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஏழு அடிக்க ஐந்து நிமிஷம். மாமியார் ரத்தினபாய் நாற்காலியில் சாய்ந்து வயிற்றில் கை வைத்திருந்தாள். கணவன் வில்பிரட் செய்தித்தாளை நாலாக மடித்தான். மகன் சுந்தர்சிங் தரையில் கால் நீட்டிக் கிடந்தான், பதினோராம் வகுப்பு, அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. அவனுக்கு இரண்டு வயது இளையவளான கிருபா மட்டும் எழுந்து வந்து அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"வண்டி லேட்டா?" என்றான் வில்பிரட்.

"பல்லாவரத்துல பத்து நிமிஷம் நிறுத்திட்டான்."

"அம்மா ஏழரைக்குள்ள சாப்பிட்டாகணும். சுகர்காரங்க. உனக்குத் தெரியாததா?"

குரலில் கோபம் இல்லை. வில்பிரட் கோபப்படுகிறவனே இல்லை. குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். சபைக் கமிட்டியில் இருந்தான். ஆலய வாசலில் ஒட்டும் அறிவிப்புகளை அவன்தான் முத்து முத்தான எழுத்தில் எழுதுவான். ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. நாலரைக்கு மணி அடித்தால் ஐந்து மணிக்குள் சைக்கிளில் வீடு வந்துவிடுவான். ஐந்திலிருந்து ஏழு வரை அந்த வீட்டில் பசி வளரும். சாராள் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துவிட்டு, மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, சேலையூர்ப் பக்கம் ஒன்றரை மைல் நடந்து வீட்டுக்கு வந்து, அந்தப் பசியைத் தீர்க்க வேண்டும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் யாராவது ஒருவர் அரிசியைக் களைந்து அடுப்பில் வைக்கலாமே என்று பதினெட்டு வருஷமாக அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால், சாராளுக்கும் தோன்றியதில்லை.

வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும் என்று கேட்டுத்தான் அவளைக் கட்டினார்கள். சீதனம் எதுவும் வேண்டாம், பெண்ணின் உத்தியோகமே போதும் என்று ரத்தினபாய் சொன்னபோது, ஊரில் அதைப் பெருந்தன்மை என்று பேசிக்கொண்டார்கள்.

சாராள் புடவை மாற்றவில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். பீன்ஸ் ஏற்கெனவே நறுக்கியிருந்தது. பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் மடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிடுவாள். எழும்பூர் தாண்டிப் பீன்ஸில் கத்தி வைத்தால் கிண்டிக்குள் முடிந்துவிடும். பரங்கிமலை வருவதற்குள் வெங்காயம் உரித்தாகிவிடும். சோறு கொதிப்பதற்குள் ரசத்துக்கு மிளகு தட்டினாள். ஏழே முக்காலுக்குத் தட்டுப் போட்டாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடிச்சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் அன்று பரிமாறும்போதே ஒரு செய்தி சொன்னாள்.

"ஆபீஸ்ல சர்க்குலர் வந்திருக்கு. ஆகஸ்ட்ல மேல்நிலை எழுத்தர் போஸ்ட் ஒண்ணு காலி. லிஸ்ட்ல முதல் பேர் என்னுது."

1972-ஆம் வருஷம் ஜூன் மாதத்தின் முதல் வாரம் அது. பதினாறு வருஷம் ஒரே மேஜையில் ஒரே பேரேட்டைத் திருப்பிக்கொண்டிருந்தவள் சாராள். சொல்லும்போது அவளையறியாமல் சிரிப்பு வந்தது.

"அப்ப நீங்க ஆபீசராம்மா?" என்றாள் கிருபா.

"ஆபீசர் இல்லடி. ஆனா கீழ நாலு பேர் இருப்பாங்க."

வில்பிரட் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "அந்த செக்‌ஷன் எத்தனை மணிக்கு விடும்?"

"அன்னன்னிக்குக் கணக்கை முடிச்சுத்தான் எழுந்திரிக்கணும். ஆறரை ஆகும். வீட்டுக்கு வர எட்டு."

"எட்டா?" என்றாள் ரத்தினபாய்.

"சமாளிச்சுடலாம் அத்தை. காலைலயே குழம்பு வச்சுட்டுப் போயிடறேன். வந்து சோறு மட்டும் வடிச்சாப் போதும்."

"பாப்போம்," என்றான் வில்பிரட். அதோடு பேச்சு முடிந்தது. விருப்பமில்லாதவர்கள்தான் ஜூன் இருபதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. சாராள் எதுவும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதே சம்மதம்.

அடுத்த வாரம் வில்பிரட் சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். உள்ளே பளபளவென்று ஒரு பிரஷர் குக்கர். அந்தத் தெருவில் இரண்டு வீட்டில்தான் அது இருந்தது.

"உனக்குத்தான்," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று, அவளாகக் கேட்காமல் அவன் எதுவும் வாங்கி வந்ததில்லை. மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மணிக்கு வரப்போகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாயால் சம்மதம் சொல்லத் தெரியாத மனுஷன் கையால் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் பெண்கள் பெட்டியில் குக்கர் கதையைக் கேட்டவர்கள், "கொடுத்து வச்சவ சாராள் நீ," என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் பழக ஆரம்பித்தாள். எட்டு மணிக்கு வந்தால் எட்டரைக்குச் சோறு போட வேண்டும். அதற்கு அரை மணிதான். ரயிலில் நறுக்குவது போதாது என்று காலையிலேயே புளி ஊறவைத்தாள், பருப்பைக் கழுவி மூடிவைத்தாள். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் காய் விற்கும் அம்மணியிடம் சொல்லி, கீரையை ஆய்ந்து வைக்கச் செய்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வாரச் சமையலை எழுதிச் சுவரில் மாட்டினாள். திங்களுக்குக் கீரை. செவ்வாய்க்குக் கீரையோடு முட்டைக் குழம்பு. புதனுக்குப் பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டுப் பொங்கல். முதல் நாள் நாற்பத்தைந்து நிமிஷம் ஆனது. பிறகு முப்பத்தெட்டு. ஜூலை நடுவில் ஒருநாள் இருபத்தொன்பது நிமிஷத்தில் மூன்று பதார்த்தம் தட்டில் விழுந்தது.

"பாருங்க, இருபத்தொம்பது," என்றாள் சாராள், மேல்மூச்சு வாங்க.

"நல்லாயிருக்கு," என்றான் வில்பிரட். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டான். ரத்தினபாய் மட்டும், "குக்கர் சோறு வாயு," என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் கங்கையம்மாள் சாராளின் மேஜைக்கு வந்தாள். பக்கத்து மேஜைக்காரி, குரோம்பேட்டையில் இருந்து வருகிறவள். கணவன் இறந்து ஐந்து வருஷமாகிறது. வயதான தாயும் இரண்டு பிள்ளைகளும் அவளை நம்பி இருந்தார்கள். காலையும் மாலையும் இருவரும் ஒரே பெட்டியில்தான் வருவார்கள், போவார்கள்.

கங்கையம்மாள் சாராளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு பால்கோவாப் பொட்டலத்தை வைத்தாள்.

"ஆர்டர் வந்துடுச்சுக்கா. நீங்க விட்டுக் குடுத்ததாலதான் எனக்கு வந்துச்சு. எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லாம செஞ்சிருக்கீங்களே. யாருக்கா செய்வா இப்படி?"

சாராளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன விட்டுக் குடுத்தேன்?"

"அன்வில்லிங் லெட்டர் குடுத்தீங்கல்ல?"

சாராள் எழுந்து நேராகத் தலைமை எழுத்தர் யக்ஞநாராயணனிடம் போனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோப்பைப் புரட்டினார். நூல் கட்டிய கட்டிலிருந்து ஒரு தாளை விரலால் பிரித்துக் காட்டினார்.

"இதோ. ஜூன் பதினாலாம் தேதி போட்டிருக்கேள். தபால்ல வந்தது."

குடும்பப் பொறுப்புகளை முன்னிட்டு இந்தப் பதவி உயர்வை ஏற்க எனக்கு விருப்பமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று இருந்தது. கீழே 'ச. சாராள்' என்ற கையெழுத்து. அது அவளுடையதுதான். மேலே இருந்த எழுத்தையும் அவளுக்குத் தெரியும். 'ழ'வின் வாலை உள்ளே சுழித்து நிறுத்தும் அந்த முத்து எழுத்தை ஞாயிறுதோறும் ஆலய வாசலில் படிக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் கிருபாவுக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது, விடிகாலையில் லீவு எழுதிக் கொடுத்தனுப்ப ஆள் தேடித் தவித்தார்கள். அதற்குப் பிறகு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெள்ளைத் தாள் நாலைந்தில் கீழே கையெழுத்து மட்டும் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள் சாராள். லீவு தேவைப்பட்டால் வில்பிரட் மேலே எழுதி, ரயிலில் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். அப்படி இரண்டு முறை நடந்தும் இருக்கிறது.

"இது நான் எழுதினது இல்ல சார்," என்றாள்.

யக்ஞநாராயணன் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "கையெழுத்து?"

"கையெழுத்து என்னுது."

அவர் தாளைக் கோப்பில் திரும்பச் செருகினார். "நேர்ல குடுக்காம தபால்ல அனுப்பியிருக்காளேன்னு எனக்கு ஒரு நிமிஷம் தோணித்தும்மா. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். லேடீஸ்னா இப்படி எழுதிக் குடுக்கறது சகஜம்தானேன்னு ஃபைல் பண்ணிட்டேன். இப்ப இதை ஆட்சேபிச்சா விசாரணைன்னு வரும். எழுதினது யாருன்னு கேப்பா. வெத்துத் தாள்ல ஏன் கையெழுத்துப் போட்டேள்னும் கேப்பா. கங்கையம்மாள் ஆர்டரையும் நிறுத்தி வெப்பா. யோசிச்சுச் சொல்லுங்கோ."

வாசலில் கங்கையம்மாள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் வேணா வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்கா."

"நீ எதுக்கு எழுதணும்?" என்றாள் சாராள். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது போகட்டும். நீ போய்ச் சேரு."

அந்தப் பால்கோவாவை அவள் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கங்கையம்மாளுக்காக.

மாலை வண்டியில் அவள் செய்தித்தாளை விரிக்கவில்லை. கத்தி பையிலேயே கிடந்தது. ஜன்னலில் சைதாப்பேட்டைப் பாலமும் மீனம்பாக்கத்து வெட்டவெளியும் போயின. பதவி போனதைக்கூட அவள் நினைக்கவில்லை. ஜூன் பதினாலு என்ற தேதிதான் திரும்பத் திரும்ப வந்தது. குக்கர் வந்தது பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை. அதற்குப் பிறகு ஏழு வாரம், ஒவ்வொரு இரவும், முப்பத்தெட்டு, முப்பத்துமூன்று, இருபத்தொன்பது என்று அவள் கணக்குச் சொல்லிக்கொண்டு நின்றபோது, எல்லாம் தெரிந்துகொண்டு தட்டை வழித்துச் சாப்பிட்டிருக்கிறான்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அம்மணி கீரைக் கட்டை நீட்டினாள். சாராள் கவனிக்காமல் தாண்டினாள்.

"இன்னாம்மா, ஆஞ்சு வச்சிகினு உனக்காவ குந்திகினு கீறேன், நீ பாட்டுக்கினு போறியே. மூஞ்சி ஒரு மாதிரியா கீது. ஆபீஸ்ல எதுனா பேஜாரா?"

"ஆபீஸ்ல ஒண்ணுமில்ல அம்மணி," என்று சொல்லிக் கீரையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் நேரே சமையலறைக்குப் போகாமல், கூடத்தில் வில்பிரட்டுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ரத்தினபாய், "உடம்புக்கு என்ன?" என்றாள்.

"ஜூன் பதினாலாம் தேதி எங்க ஆபீஸுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு," என்றாள் சாராள், அவனைப் பார்த்து. "எழுதினது நீங்களா?"

வில்பிரட் செய்தித்தாளை மடித்து வைத்தான். அவன் மறுக்கவில்லை. அதை மட்டும் அவனைப் பற்றி நல்லதாகச் சொல்லலாம்.

"ஆமா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஏங்க?"

"ஏன்னா? எட்டு மணிக்கு வந்து எட்டரைக்கு உலை வச்சா இந்த வீடு என்ன ஆகும்? அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா? பையன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போறான். உன் உடம்பையும் நினைச்சுத்தான் செஞ்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேணும்னுதான் சொல்லுவ."

"அதுக்குத்தானேங்க கேக்கறது."

ரத்தினபாய் குறுக்கே வந்தாள். "அவன் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் எழுதினான். திருட்டுத்தனமா ஒண்ணும் செய்யல. பொம்பள சம்பாதிக்கறது வீட்டுக்கு ஒத்தாசை. அதுக்காக வீட்டையே பட்டினி போட முடியுமா?"

"உனக்கு ஒண்ணும் செய்யாம விட்டுட்டனா?" என்றான் வில்பிரட். குரல் லேசாக உயர்ந்தது. "அதுக்காகத்தானே குக்கர் வாங்கிக் குடுத்தேன்."

கடிதத்துக்கு ஈடாகத்தான் குக்கர் என்பது ரயிலில் சாராள் தானாகப் போட்ட கணக்கு. அது தப்பாக இருக்க வேண்டும் என்று ஸ்டேஷனிலிருந்து வீடுவரை வேண்டிக்கொண்டு வந்தாள். இப்போது அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

கதவோரம் நின்றிருந்த கிருபா அழுதுகொண்டே வந்தாள். "அம்மா, அந்தப் பேப்பரை அலமாரிலேருந்து எடுத்துக் குடுத்தது நான்தாம்மா. உங்களுக்கு லீவு எழுதணும்னு அப்பா கேட்டாரு."

"உம்மேல ஒண்ணுமில்ல," என்று சாராள் மகளின் தலையைத் தொட்டாள். உள்ளே போய் அலமாரியைத் திறந்து, மீதியிருந்த இரண்டு தாளையும் எடுத்து, கையெழுத்து இருந்த இடத்தை நுணுக்கி நுணுக்கிக் கிழித்தாள். பிறகு ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி என்பது பொய் இல்லையே. அன்றும் சமைத்தாள். தான் மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் யக்ஞநாராயணனிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். ஆட்சேபம் எதுவும் இல்லை. என் பணி சம்பந்தமான எந்தக் கடிதத்தையும் இனி நானே நேரில் வந்து கொடுத்தால் மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டே வரி; மேலும் அவள் எழுத்து, கீழும் அவள் எழுத்து. அவர் படித்துவிட்டு எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

"அக்கவுண்ட் டெஸ்ட் எழுதறேளா?" என்று கேட்டார். "பாஸ் பண்ணினா சீனியாரிட்டிக்குக் காத்துண்டிருக்க வேண்டாம். நம்ம ஊழியர் சங்கத்துல சாயங்கால கிளாஸ் நடத்தறா. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும். ஆறுலேர்ந்து ஏழு."

சாராள் அன்றே பெயர் கொடுத்தாள். வீட்டில் கேட்கவில்லை, சொன்னாள்.

"வர்ற திங்கக்கிழமையிலேருந்து நான் வர எட்டரை ஆகும். காய் நறுக்கி வச்சிருப்பேன். சாம்பார்ப்பொடி, மிளகுப்பொடி எல்லாம் டப்பாவுல பேர் ஒட்டியிருக்கு. சமையல் நீங்க பாத்துக்கணும்."

"நாங்கன்னா?" என்றான் வில்பிரட்.

"வீட்டுல நாலு பேர் இருக்கீங்க."

வில்பிரட் சிரித்தான். இரண்டு நாள் போனால் சரியாகிவிடும் என்கிற சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், "சாராள், இதெல்லாம் வெளியில யாருக்கும் தெரிய வேணாம்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னான்.

திங்கள் இரவு எட்டரைக்குச் சாராள் வந்தபோது சாப்பாடு தயாராக இருந்தது. சமையலறையில் கிருபா பள்ளிச் சீருடையோடு நின்றிருந்தாள். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கொப்புளம். சோறு வடிக்கும்போது கஞ்சி தெறித்திருக்கிறது. ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் தரையில் கணக்குப் புத்தகம் திறந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு மாதப் பரீட்சை ஆரம்பம். கூடத்தில் சுந்தர்சிங் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, பொண்ணு எவ்வளவு அழகா செஞ்சிட்டா," என்றான் வில்பிரட். "நாமதான் பயந்துக்கிட்டிருந்தோம். பொம்பளப் புள்ள, கத்துக்கட்டும்."

சாராள் மகளின் கையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிதம் தெரிந்த அன்றுகூட அழாதவளுக்கு அப்போது கண்ணீர் வந்தது. தன்னிடம் எடுத்துக்கொண்டதை அவர்கள் அப்படியே கைமாற்றி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு கடிதம்கூடத் தேவைப்படவில்லை.

"எனக்குப் பரவாயில்லம்மா," என்றாள் கிருபா.

"பரவாயில்லன்னு சொல்லாத," என்றாள் சாராள். "நானும் பதினெட்டு வருஷம் அதத்தான் சொன்னேன்."

மறுநாள் காலை கிருபாவோடு குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, கங்கையம்மாளிடம் ஓர் உதவி கேட்டாள். கிருபா படிக்கிற பள்ளி குரோம்பேட்டையில். கங்கையம்மாள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. பள்ளி விட்டதும் கிருபா அங்கே போய்ப் படித்துக்கொண்டிருக்கட்டும். எட்டு மணி வண்டிக்கு யாராவது ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டால், பெண்கள் பெட்டி ஜன்னலில் தான் பார்த்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னாள்.

"எங்கம்மா இருக்காங்கக்கா. பிள்ளைங்களும் அவகூடச் சேர்ந்து படிக்கும்," என்றாள் கங்கையம்மாள். "இதுகூடச் செய்யலன்னா நான் என்னக்கா?"

அன்று மாலை கிருபா வீட்டுக்கு வரவில்லை. ஐந்தரை ஆனது, ஆறு ஆனது. வில்பிரட் இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தான். ஆறரைக்குச் சுந்தர்சிங், "அம்மா காலைலயே எங்கிட்டச் சொன்னாங்க. கிருபா இனிமே அம்மாகூடத்தான் வருவாளாம்," என்றான். ஏழு அடித்தது. ரத்தினபாய்க்குக் கை லேசாக நடுங்கத் தொடங்கியது. அவளுக்கு அடுப்பின் முன்னால் நின்று சமைக்க மூட்டு இடம் கொடுக்காது. வீட்டில் வேறு பெண் இல்லை.

சாராளும் கிருபாவும் எட்டரைக்குத் தெருவுக்குள் திரும்பியபோது, வீட்டில் விளக்கு எரிந்தது. ஆனால் தெருப்பக்கத்துச் சமையலறை ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது. அதன் இடுக்கு வழியாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. உள்ளே போனார்கள். கூடமெல்லாம் புகை. சமையலறையில் வில்பிரட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை ஒழுக, கரண்டியோடு ஸ்டவ் முன்னால் நின்றான். சோறு அடிப்பிடித்திருந்தது. தட்டில் நாலு முட்டை, ஓடும் கருவுமாகச் சிதைந்து கிடந்தது. சுந்தர்சிங் வெங்காயத்தை உரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தை, இப்படி மூச்சு முட்ட ஜன்னலைச் சாத்தியிருக்கீங்க?" என்றாள் சாராள்.

ரத்தினபாய் கையிலிருந்த ரொட்டித் துண்டை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசு. எதிர் வீட்டு ஞானாம்பாள் வாசல்ல நிக்குறா. ஆம்பள அடுப்பில நிக்கிறத ஊர் பாத்தா நம்ம மானம் என்னாகும்? கமிட்டில இருக்கற பையன்."

சாராள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, சமையலறைக்குள் போய், ஜன்னலின் கொக்கியை எடுத்து இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். புகை குப்பென்று வெளியே போனது. தெரு விளக்கு வெளிச்சத்தில் எதிர்வீட்டு ஞானாம்பாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைக்க வில்பிரட்டுக்கு இடம் அகப்படவில்லை.

"என்ன சார், நீங்க சமைக்கிறீங்க?" ஞானாம்பாள் குரலில் நிஜமான பதைப்பு இருந்தது. "ஐயோ பாவம், அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

கூடத்திலிருந்து ரத்தினபாய் அவசரமாகக் குரல் கொடுத்தாள்: "ஆமாம்மா, அவளுக்கு ரெண்டு நாளா தலைவலி. எழுந்திரிக்க முடியல."

சாராள் ஜன்னலுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் முகம் தெரியும்படி நின்றாள்.

"எனக்குத் தலைவலி எதுவும் இல்லீங்க," என்றாள். "நல்லாத்தான் இருக்கேன். இப்பத்தான் வேலையிலிருந்து வந்தேன்."